பீப்பா ரொப்பச் சொன்னவள்

“இசைவாக்கம்” என்ற சொல்லை யாராவது என் முன்னால் உச்சரித்தால் எனக்கு இப்போதும் எரிச்சல் வருகிறது. காலநிலை மாறிக்கொண்டிருக்கிறது, அதற்கேற்ப மக்களும் நிலமும் தண்ணீரும் எப்படித் தங்களை மாற்றிக்கொள்வது என்பதுதான் அதற்குப் பொருளாம். அந்தச் சொல்லை வைத்துத்தான் மூன்று வருடம் நான் சோறு தின்றேன். ஹட்டனில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு, தோட்டம் தோட்டமாகப் போய்க் கேள்வித்தாள் நிரப்பினேன். கொழும்பிலிருந்து வந்தவர்கள் ஆங்கிலத்தில் கேட்பார்கள். நான் தமிழில் கேட்டு, பதிலை மறுபடி ஆங்கிலத்தில் எழுதுவேன். இடையில் நின்று பேசுகிறவளுக்கு இரண்டு பக்கத்திலும் மரியாதை கிடைக்கும் என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.

நான் பிறந்தது மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டி வரிசையாகக் கட்டிய காம்பராக்களில் ஒன்றில், ஒரு காம்பராவுக்கு ஒரு குடும்பம். அலுவலகத்தில் யாராவது ஊரைக் கேட்டால் “மஸ்கெலியாப் பக்கம்” என்பதோடு நிறுத்திக்கொள்வேன். லயம் என்ற சொல் என் வாயிலிருந்து வராது. என் அக்கா இன்னும் அந்த லயத்தில்தான் இருக்கிறாள், அதே தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாள். அம்மா செத்தபோது அவளுக்குப் பதினாறு வயது, எனக்கு எட்டு. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் பேர் பதிந்து வேலைக்கு இறங்கி என்னைப் படிக்க வைத்தாள். அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லி மனதை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

எங்கள் லயத்துக்குத் தண்ணீர் ஏழாம் நம்பர் மலையில் இருக்கும் ஓர் ஊற்றிலிருந்து வருகிறது. அங்கிருந்து குழாய் வழியாக இறங்கி, லயத்தின் கோடியில் பீலியாக விழும். குளிப்பது, துவைப்பது, குடத்தில் பிடிப்பது எல்லாம் அந்தப் பீலியடியில்தான். நான் சின்னவளாக இருந்தபோது பீலியின் அடியில் நின்றால் தலை வலிக்கும், அப்படி விழும். பிறகு ஏழாம் நம்பர் மலையில் பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டு, தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோருக்கு விறகு வேண்டுமென்று யூக்கலிப்டஸ் நட்டார்கள். மழையும் முன்போல இல்லை. பெய்தால் ஒரேயடியாகக் கொட்டி மண்ணை இழுத்துக்கொண்டு போகிறது, நின்றால் மாதக்கணக்கில் எட்டிப்பார்ப்பதில்லை. தை பிறந்து பங்குனி முடியும்வரை பீலியில் விழும் தண்ணீரில் ஒரு குடம் நிரம்புவதற்குள் கால் கடுத்துவிடும். அந்த மாதங்களில் பெண்கள் மலையிலிருந்து வேலை முடிந்து வந்ததும் கேனைத் தூக்கிக்கொண்டு கீழே ஓடைக்கு இறங்குவார்கள். இறங்குவது பரவாயில்லை, நிறைந்த கேனோடு அந்தச் செங்குத்தில் ஏற வேண்டும்.

ஆய்வுக்கான தோட்டங்களின் பட்டியலில் எங்கள் தோட்டமும் வந்தபோது, வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்தமுறை ஆய்வை நடத்தும் பேராசிரியரே நேரில் வருவதாகச் சொன்னார்கள். நாங்கள் மேடம் என்று கூப்பிடும் அவர் அதிர்ந்து பேசாதவர், காட்டன் சேலைதான் கட்டுவார், சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பார். அவரோடு இரண்டு மாணவர்களும் வருகிறார்களாம். மாசி மாதத்தில் எங்கள் லயம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். சாக்கடைக் காணில் தண்ணீர் ஓடாது, தேங்கி நாறும். பொதுக் கக்கூஸின் பக்கம் போகவே முடியாது. மேடம் அங்கே நின்று மூக்கைச் சுளிப்பதையும், பிறகு என்னைத் திரும்பிப் பார்ப்பதையும் நினைத்தே எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்காவுக்குப் போன் போட்டேன்.

“அக்கா, புதன்கிழமை ஆளுங்க வர்றாங்க. கொழும்புலேருந்து மேடமே வர்றாங்க. லயத்தக் கொஞ்சம் சுத்தமா வைக்கச் சொல்லு.”

“யாரு, ஒங்க ஆபீஸ் ஆளுங்களா?”

“ஆமா. தண்ணி கிண்ணி ரொப்பி வைங்க. வந்தவங்க கை கழுவணும்னு கேட்டா இல்லேன்னு முழிச்சிக்கிட்டு நிக்காதீங்க. கக்கூஸையும் கழுவிவிடச் சொல்லு.”

“பீலியில சொட்டுசொட்டாத்தான் விழுது, புள்ள.”

“எப்படியாவது பாரு அக்கா.”

“சரி, பாக்குறேன்” என்றாள்.

லயம் பார்க்க யாராவது வருகிறார்கள் என்றால் கழுவி மெழுகி வைப்பது எங்கள் ஆட்களுக்கு ஊறிப்போன பழக்கம். தோட்டத்தை நடத்தும் தொரை வந்தாலும் அப்படித்தான், டாக்டர் வந்தாலும் அப்படித்தான். வந்தவர் முகம் சுளிக்காமல் திரும்பிப் போனால் அன்றைய நாள் நல்ல நாள். குறை இருந்தால் அதைக் காட்டித்தான் கேட்க வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. காட்டினவர்களுக்கு ஏச்சு விழுந்த கதைகள்தான் லயத்தில் உண்டு. இது தெரிந்த நான்தான் அந்தப் போனைப் போட்டேன்.

புதன்கிழமை நாங்கள் போனபோது எங்கள் லயத்தை எனக்கே அடையாளம் தெரியவில்லை. காணைக் கழுவிவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு காம்பராவின் இஸ்தோப்பிலும், அதுதான் வாசலை ஒட்டிய முன்பக்கம், சாணி மெழுகிக் கோலம் போட்டிருந்தது. பீப்பாக்கள் எல்லாம் விளிம்புவரை நிறைந்திருந்தன. பீப்பா போதாமல் சோற்றுப் பானையிலும், பிள்ளையைக் குளிப்பாட்டும் பேசினிலும்கூட ரொப்பி வைத்திருந்தார்கள். பக்கத்துக் காம்பரா அக்கா சுத்தத்துக்குப் பேர்போனவர். அவர் வீட்டு அலுமினியச் சட்டியில் முகம் பார்க்கலாம். அவர் பீப்பாவைத் தேய்த்துக் கழுவி, அதற்கு வெள்ளைத் துணியால் மூடியும் கட்டியிருந்தார்.

மேடம் வியந்துபோனார். “எவ்வளவு நேர்த்தியாக வைத்திருக்கிறார்கள்” என்று ஆங்கிலத்தில் என்னிடம் சொன்னார். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை இன்று நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மாணவர்களில் ஒருவன் பீப்பாக்களை டேப்பால் அளந்து லீட்டர் கணக்கை எழுதினான். இன்னொருவன் படம் எடுத்தான். தோட்ட நிர்வாகம் அனுமதி தந்தபோது, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு கூடவே இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு அக்காவின் தோளுக்குப் பின்னால் நின்றார். மேடம் கேட்கக் கேட்க நான் தமிழில் கேட்டேன்.

“தண்ணி எடுக்க எவ்வளவு தூரம் போகணும்?”

“பக்கத்துலதாங்க” என்றாள் அக்கா. என்னைத்தான் “ங்க” போட்டுப் பேசினாள். என் கழுத்தில் அட்டை தொங்கியதே.

“கோடையில தட்டுப்பாடு இருக்கா?”

அவள் கண்டாக்கைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவர் அங்கே இருப்பது அவள் குரலில் தெரிந்தது. “அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க. சமாளிச்சிக்குவோம்.”

நான் எழுதிக்கொண்டேன். சொன்னதைச் சொன்னபடி எழுத வேண்டும் என்பது எங்களுக்குப் பயிற்சியில் சொல்லித்தந்த விதி. அந்த விதிக்குப் பின்னால் நன்றாக ஒளிந்துகொள்ளலாம். அக்காவால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. கூப்பிட்டால் உடம்போடு திரும்பினாள். இரண்டு நாளாக ஓடையிலிருந்து கேன் சுமந்த கழுத்து அது. அதைப் பார்த்துக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போனேன்.

அறிக்கை தயாராகச் சில மாதங்கள் ஆயின. நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் அதை வெளியிடுவதாக ஏற்பாடு. அதற்கு முதல்நாள்தான், திரையில் காட்டப்போகும் பக்கங்களைத் தமிழில் பெயர்க்கச் சொல்லி எனக்கு அனுப்பினார்கள். எங்கள் லயத்தைப் பற்றிய பக்கத்துக்கு வந்தபோது என் கை அப்படியே நின்றுவிட்டது. கடும் கோடையிலும் இந்தக் குடும்பங்களிடம் போதிய தண்ணீர் சேமிப்பில் இருக்கிறது, மேலே இருக்கும் ஊற்று மெலிந்திருந்தும் இவர்களுக்குக் குறைவு இல்லை, ஆகவே அந்த ஊற்றை இவர்கள் பெரிதாக நம்பியிருக்கவில்லை என்று எழுதியிருந்தது. அடுத்த வரியில் பரிந்துரை. ஊற்றில் ஒரு தண்ணீர்த் தாங்கி கட்டி, குழாய் போட்டு, சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கும் பழைய தொரை பங்களாவுக்குத் தண்ணீர் கொண்டுபோகலாமாம். பங்களாவில் வரும் வருமானத்தில் ஒரு பங்கை எடுத்து மேலே காட்டு மரம் நடுவார்களாம். நிலத்துக்கும் நல்லது, நீருக்கும் நல்லது, எல்லோருக்கும் நல்லது. அழகாகப் பூசி மெழுகியிருந்தார்கள்.

அந்த ஊற்றும் போய்விட்டால் லயத்துக்கு வருடம் பூராவும் ஓடைதான். அக்காவுக்கு நாற்பத்து மூன்று வயது.

மேடத்துக்குப் போன் போட்டேன். “அந்த லயத்தைப் பற்றி ஒரு சின்னச் சந்தேகம் மேடம்” என்று இழுத்தேன். தரவுகளில் இனி எதையும் மாற்ற முடியாது, ஏதாவது இருந்தால் நாளைக்குக் கலந்துரையாடலில் சொல்லுங்கள் என்றார். அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னால் அன்று அக்காவுக்குப் போன் போட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அடுத்த மாதம் என் ஒப்பந்தம் முடிகிறது, அதைப் புதுப்பிப்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கிறவரும் அவர்தான். மென்று விழுங்கிவிட்டு, அந்தப் பக்கத்தை நல்ல தமிழில் பெயர்த்து அனுப்பிவைத்தேன். பிழையே இல்லை என்று பாராட்டினார்கள்.

கூட்டத்துக்கு மக்கள் பிரதிநிதிகளாக லயத்திலிருந்து இரண்டு பெண்களைக் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். நான் அக்காவையும் பக்கத்துக் காம்பரா அக்காவையும் அழைத்துப் போனேன். இருவரும் பேசாமல் இருப்பார்கள் என்று நினைத்துத்தான் அவர்களைத் தேர்ந்தெடுத்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு, நுவரெலியாக் குளிருக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, கடைசி வரிசையில் செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் ஒதுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் தோட்டத்துத் தொரையும் அரசாங்க உத்தியோகத்தர்கள் சிலரும் இருந்தார்கள்.

திரையில் எங்கள் லயம் வந்தது. நிறைந்த பீப்பாக்கள், வெள்ளைத் துணி மூடி. பக்கத்துக் காம்பரா அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “ஏய், எங்க பீப்பா!” என்று அக்காவின் தொடையில் தட்டினார். அக்காவுக்கும் சிரிப்பு வந்தது. பிறகு என்னைப் பார்த்து, “என்னான்னு எழுதியிருக்கு?” என்று மெதுவாகக் கேட்டாள்.

நான் குனிந்து அவள் காதில் சொன்னேன். தாங்கியைச் சொன்னேன், குழாயைச் சொன்னேன், பங்களாவைச் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றது.

“எங்களுக்குத் தண்ணி வேணாம்னா எழுதியிருக்கு?”

“அப்படித்தான்.”

“நீ பாத்துக்கிட்டா இருந்த?”

அதற்குமேல் உட்கார்ந்திருக்க முடியவில்லை. கையைத் தூக்கினேன். எழுந்து நின்று ஆங்கிலத்தில் பேசினேன். அந்தப் பீப்பாக்கள் சாதாரண நாளில் அப்படி இருக்காது, வெளியாட்கள் வருகிறார்கள் என்றால் லயத்து மக்கள் எல்லாவற்றையும் நிரப்பிக் கழுவி வைப்பார்கள், அது அவர்கள் பழக்கம், அந்தத் தண்ணீர் முழுக்கக் கீழே ஓடையிலிருந்து சுமந்தது என்று சொன்னேன். அவர்கள் பழக்கம் என்றேன். போன் போட்ட கதையைத் தொடவே இல்லை.

தொரை நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். “இந்த ஆட்கள் சொல்வதை நம்ப வேண்டாம் என்று நான் முதலிலேயே சொன்னேனே” என்று சிங்களத்தில் சொன்னார். பலர் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, பதில் சொன்னவர்கள் உண்மையை மறைத்திருந்தால் அந்த லயத்தையே ஆய்விலிருந்து நீக்குவதுதான் முறை என்றார். நீக்கிவிட்டால் ஊற்றைப் பற்றி எங்கள் தரப்பில் ஒரு வரிகூட இருக்காது. தாங்கியும் குழாயும் மட்டும் திட்டத்தில் இருக்கும். பாதி உண்மையைச் சொல்லி, இருந்ததையும் கெடுத்துவிட்டேன் என்று எனக்கு உறைத்தது.

அக்கா என் சேலையைப் பிடித்து இழுத்தாள். “என்ன சொல்றாங்க?”

“நீங்க பொய் சொன்னதா சொல்றாங்க.”

“நீ என்ன சொன்ன?”

நான் திரையைப் பார்த்தேன்.

“நீ போன் போட்டத சொன்னியா?”

“இல்ல.”

அவள் முகத்தில் கோபத்தைத் தேடினேன். கோபம் இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். பஸ்ஸில் அறிமுகமில்லாத ஆள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாள். பிறகு, “சொல்லு” என்றாள்.

சொன்னேன். முதலில் ஆங்கிலத்தில், பிறகு தொரைக்கும் உத்தியோகத்தர்களுக்கும் விளங்கட்டும் என்று சிங்களத்தில். இவர்களை நிரப்பி வைக்கச் சொன்னது நான்தான். இது நான் பிறந்த லயம். இவள் என் கூடப்பிறந்தவள். உங்களை இங்கே கூட்டிவர எனக்கு வெட்கமாக இருந்தது, அதனால் சொன்னேன். முழுவதையும் சொல்லி முடித்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. “நீங்கள் தரவைக் கெடுத்துவிட்டீர்கள்” என்று மேடம் தாழ்ந்த குரலில் சொன்னார். தரவு கெட்டதற்கு அவருக்கு வந்த கோபத்தில் கால்பங்குகூட ஊற்று கைமாறப்போவதற்கு வரவில்லை. நல்லவேளை, முன்வரிசையில் இருந்த ஓர் உத்தியோகத்தர், அடுத்த கோடையில் மறுபடி அளந்து பார்க்கும்வரை அந்த ஊற்றில் யாரும் கைவைக்கக் கூடாது என்று சொல்லி அதைக் கூட்டக் குறிப்பில் எழுதவும் வைத்தார். என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அதற்கு வந்த கடிதம் மிக மரியாதையான கடிதம்.

அடுத்த மாசியில் மறுபடி அளக்கப் போனார்கள். லயத்து ஆட்கள் வேறு யாரிடமும் வாய் திறக்கவில்லையாம், அதனால் ஒரே ஒரு நாளுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். போனேன். இந்தமுறை அக்காவுக்குப் போன் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இருக்கவில்லை, அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. காம்பரா காம்பராவாகப் போய், யாரும் எதையும் கழுவக் கூடாது, சமைக்கவும் குடிக்கவும் தவிர யாரும் ஓடைக்கு இறங்கக் கூடாது என்று சொல்லிவைத்திருந்தாள். மூன்று நாள். அதற்காக அவளோடு சண்டைக்குப் போனவர்கள் உண்டு. பக்கத்துக் காம்பரா அக்கா இஸ்தோப்பை மெழுக வாளியோடு வந்தபோது, அக்கா அந்த வாளியைப் பிடுங்கி உள்ளே வைத்துவிட்டாளாம்.

பீலிக்குப் போகும் வளைவிலேயே நாற்றம் வந்துவிட்டது. கண்டாக்கு இம்முறையும் வந்திருந்தார். அக்கா அவரை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. “வாங்க மேடம்” என்று தமிழிலேயே சொல்லி, முதலில் கக்கூஸுக்குத்தான் கூட்டிப்போனாள். கதவைக் காலால் தள்ளித் திறந்தாள். மேடத்தின் கை தானாகக் கைக்குட்டையோடு மூக்குக்குப் போனது.

“சொல்லு” என்றாள் அக்கா என்னிடம். “மூக்கப் பொத்தாமப் பாக்கச் சொல்லு.”

நான் ஒரு சொல்லைக்கூட மாற்றாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். மேடம் கையை இறக்கினார். அந்த ஒரு கணத்தில் எனக்கு உள்ளுக்குள் ஒரு குரூரமான சந்தோஷம் வந்தது. அது நீடிக்கவில்லை.

அக்கா அத்தோடு விடவில்லை. சட்டி கழுவிய தண்ணீரை மறுபடி கழுவ வைத்திருந்த வாளியைக் காட்டினாள். மூட்டையாகக் கிடந்த அழுக்குத் துணிகளைக் காலால் கிளறிக் காட்டினாள். கடைசியில் பக்கத்துக் காம்பராவின் முன்னால் வந்து நின்றாள். கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது.

“தொறங்க.”

கதவு அசையவில்லை.

“தொறங்கன்னா. தண்ணி வேணுமா வேணாமா?”

“நான் காட்ட மாட்டேன்” என்று உள்ளேயிருந்து அழுகுரல் வந்தது. “என் வீட்ட இப்படிக் காட்ட மாட்டேன். நீ போயிரு.”

அக்கா உள்ளங்கையால் கதவை அடித்தாள். கண்டாக்கு, மாணவர்கள், லயத்து ஆட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க அடித்துக்கொண்டே இருந்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன், என்னைத் தள்ளிவிட்டாள். கடைசியில் தாழ் விலகியது. அந்த அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். பின்னால் அடுப்படியில் மூன்று நாள் பாத்திரங்கள் ஈ மொய்த்துக் கிடந்தன. கட்டிலில் எழுந்திருக்க முடியாத மாமனார் கிடந்தார். அவர் அடியில் விரித்திருந்த துணியை மாற்றியிருக்கவில்லை. மாணவன் கமராவைத் தூக்கினான்.

“வேணாம்” என்றேன்.

“எடுக்கட்டும்” என்றாள் அக்கா. “அளந்து எழுதிக்கிட்டுப் போனாங்களே, இதையும் எழுதிக்கிட்டுப் போகட்டும்.”

அவன் எடுத்தான். முந்தானைக்குள் அந்த அக்கா குலுங்கிக் குலுங்கி அழுதார். அக்காவை அந்த நேரத்தில் நான் வெறுத்தேன். மேடத்தை வெறுத்தேன், அவர் கண் கலங்கி நின்றதையும் சேர்த்து வெறுத்தேன். அடிப்படையான ஒரு விஷயத்தை நம்பவைக்க ஒரு பெண் தன் வீட்டின் மானத்தைத் திறந்து காட்ட வேண்டியிருந்தது. முதல்தடவையே பீலியடியில் ஒரு மணிநேரம் நின்று பார்த்திருந்தால் போதும். பார்க்கவிடாமல் செய்தது நான்.

அறிக்கை மாறியது. ஊற்று லயத்துக்கே என்று முடிவானது. லயத்துக்கு மேலே ஒரு தாங்கி கட்டி மூன்று குழாய் போட்டுக் கொடுத்தார்கள். பங்களாவுக்கு வேறு எங்கிருந்தோ தண்ணீர் போகிறது. எங்கிருந்து என்று எந்தப் பேப்பரிலும் இல்லை. ஏழாம் நம்பர் மலையில் யூக்கலிப்டஸ் அப்படியே நிற்கிறது. அதைப் பிடுங்கச் சொல்லி யாரும் எழுதவில்லை. தாங்கியின் பக்கச்சுவரில் மூன்று மொழியிலும் “இசைவாக்கம்” என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். புதிய அறிக்கையின் அட்டையில் முந்தானையால் முகத்தை மூடிய ஒரு பெண்ணின் படம். ஹட்டனில் ஓர் அலுவலக மேசையில் அதைப் பார்த்தேன். முகம் தெரியாதுதான். லயத்தில் அந்தச் சேலையைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை.

தண்ணீர் திறந்துவிட்ட பிறகு அக்கா போன் பண்ணினாள்.

“நல்லா வருதா?” என்று கேட்டேன்.

“வருது. கொடம் வைச்சா ரொம்பிருது.”

“பக்கத்துக் காம்பரா அக்கா?”

“எங்கிட்டப் பேசுறதில்ல. நான் கொழாயடிக்குப் போனா கொடத்தத் தூக்கிக்கிட்டு அடுத்த கொழாய்க்குப் போயிருவாங்க.” பிறகு அவளே சொன்னாள். “அவங்க செஞ்சது சரிதான். நானா இருந்தா வெட்டியே போட்டிருப்பேன்.”

“நான் வந்து அவங்ககிட்டப் பேசவா அக்கா?”

“நீ என்னத்தப் பேசுவ? வர்றதா இருந்தா தனியா வா, புள்ள. கையில ஒண்ணும் இல்லாம வா. இனி ஆளுங்களக் கூட்டிக்கிட்டு வராத.”

இன்னும் போகவில்லை. தீபாவளிக்குப் போகலாம் என்று நினைத்தேன், பிறகு பொங்கலுக்கு என்று தள்ளினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மஸ்கெலியா பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டு, அது புறப்படுவதற்குள் இறங்கிவிட்டேன். எதையும் கேட்டு எழுதிக்கொள்ளாமல் அக்காவோடு உட்கார்ந்து பேசி எத்தனை வருடமாகிறது என்று எண்ணிப் பார்த்தேன். போனதும் முதலில் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை.